அடியில் இருந்த தட்டு

திருச்சியில் நான் குடியிருக்கும் வீட்டின் சமையலறையில், மிக்ஸிக்குப் பக்கத்தில், ஓர் எனாமல் தட்டு இருக்கிறது. வெள்ளைத் தட்டு, விளிம்பில் நீலக்கோடு. ஓரத்தில் ஒரு இடத்தில் எனாமல் பெயர்ந்து, காசளவுக்குக் கறுப்பாக இரும்பு தெரியும். அந்தத் தட்டில் எப்போதும் ஒரு பிடி அரிசி கிடக்கும். வேலைக்கு வரும் பெண், சேர்ந்த புதிதில், அந்த அரிசியை எடுத்து டப்பாவில் கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நல்லதுதான் செய்தாள், பாவம். நான் போட்ட சத்தத்தில் அவள் மறுநாள் வராமல் போய்விடுவாளோ என்று என் மருமகள் நடுங்கிப் போனாள். அன்றைக்கு விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. இப்போது சொல்கிறேன்.

இதை எழுதவேண்டும் என்று எனக்கு முதலில் தோன்றிய இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் தோன்றியது. நான் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் அட்டையில் துளை போடும் வேலையில் சேர்ந்து, மெல்ல மெல்ல நிரல் எழுதுகிறவளாகி, ஓய்வு பெறும் வயது நெருங்கியபோது ஸ்கிரிப்ட் மொழி ஒன்றைப் படிக்க வேண்டி வந்தவள். பாடம் நடத்தியவர் என் மகன் வயதுப் பையன். ஸ்டாக் என்பதை அவர் விளக்கினார். ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு அது. கடைசியில் வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பிறகு ஒன்று சொன்னார். இந்த மொழியில், ஒரு பெயருக்கு என்ன மதிப்பு என்று பார்க்காமலேயே அதை அடுக்கில் ஏற்றி வைத்துவிடலாமாம். எடுக்கும்போதுதான் அது என்ன என்று பார்க்குமாம். வைக்கும்போது இருந்த மதிப்பே எடுக்கும்போதும் இருக்கும் என்று நம்பாதீர்கள், இடையில் எல்லாம் மாறியிருக்கும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன மேடம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, இதை எங்கள் அத்தை பிள்ளைக்காம்பராவில் செய்துகொண்டிருந்தார் என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குமேல் அங்கே சொல்லவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. இலங்கையின் மலைப்பக்கத்தில், வட்டகொடைக்கும் கொட்டகலைக்கும் நடுவே, ரயில்பாதைக்கு மேலே ஏறிப் போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தார். பிள்ளைக்காம்பரா என்பது, தாய்மார்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் நீளமான ஒற்றை அறை. உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். மூலையில் பால் காய்ச்சும் அடுப்பு, அடுப்புக்கு மேலே சுவரில் அடித்த ஒரு பலகை. அறையைத் தொட்டாற்போல ஒட்டிக் கட்டிய சின்னக் காம்பராதான் அத்தைக்கு வீடு. புருஷன் போன பிறகு, ரயில்பாதையில் வேலை செய்த மகனோடு அங்கே இருந்தார். தோட்டமே அவரை ஆயாம்மா என்றுதான் கூப்பிடும். தாட்டியான உடம்பு, கீச்சுக் குரல். அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் வருவதைப் புதிதாகக் கேட்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு கையிலும் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு மூன்றாவதைக் காலால் ஆட்டிவிடுவார். அவரோடு சண்டை போட எந்தப் பெண்ணுக்கும் துணிச்சல் கிடையாது. பிள்ளை அவர் கையில் அல்லவா இருக்கிறது?

எனக்கு எட்டு வயது இருக்கும்போது தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. மழைக்காலம் முழுதும் நீண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. தோட்டத்தில் கொடுக்கும் அரிசி நின்றுபோனது. வரிசை வீடுகளான எங்கள் மேட்டு லயத்தில் புகை வரும் அடுப்புகள் நாளுக்கு நாள் குறைந்தன. அத்தை மட்டும் பிள்ளைக்காம்பராவை மூடவில்லை. பெரியவர்கள் பட்டினி கிடக்கலாம், பால்குடிப் பிள்ளைகளுக்கு என்ன வேலைநிறுத்தம் என்பது அவருடைய கட்சி. அதே தாய்மார்கள் காலையில் குழந்தையைக் கொண்டுவந்து பாலுக்கு விட்டுவிட்டு, திரும்பிப் போகும் வழியிலேயே ஆயாம்மா மட்டும் சம்பளம் வாங்குகிறாள் என்று பேசிக்கொண்டு போனார்கள். ஒருநாள் விடிந்தபோது பிள்ளைக்காம்பராக் கதவில் யாரோ கரியால் கருங்காலி என்று எழுதியிருந்தார்கள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. மகன் படித்துச் சொல்லாமல் மறைத்தாராம். அழித்த விதத்திலேயே அத்தைக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் லயத்துப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அந்த நாளில்தான் தீபாவளி வந்தது. மகன் சம்பளத்தில் கொஞ்சம் மாவும் சீனியும் வாங்கி அத்தை பணியாரம் சுட்டு, தன் தம்பியான அப்பாவின் வீட்டுக்கென்று ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினார். இந்தத் தட்டுதான். அப்போது ஓரத்தில் பெயர்ந்திருக்கவில்லை. நானும் என் தம்பியும் அதைத் தின்ற வேகத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டு நாள் கழித்துத் தட்டு அத்தை வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. வெறுந்தட்டாகப் போயிற்று. எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கமே கிடையாது. எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு பிடி அரிசி, இரண்டு வெற்றிலை, ஒரு கைக் கீரை என்று ஏதாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். வெறுந்தட்டு என்றால் இனிமேல் உன் வீட்டுச் சாமான் என் வீட்டுக்கு வரவேண்டாம் என்று அர்த்தம். கொண்டுபோய்க் கொடுத்தவர் அப்பா. வாசலில் தட்டை வைத்துவிட்டு, அக்கா நான் வர்றேன் என்று நடையைக் கட்டிவிட்டார்.

அத்தை அந்தத் தட்டை அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் தூக்கி வைத்தார். அதன்பிறகு அதில் சாப்பிடவில்லை. கதவில் கரியால் எழுதியதைத் தம்பி பெண்டாட்டி தட்டாலும் சொல்லிவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டார். பிள்ளைக்காம்பராவுக்கு வரும் அத்தனை பெண்களின் கண்ணிலும் படும்படி அந்த வெறுந்தட்டு பலகையில் இருப்பதை என் அம்மா பார்த்தார். பார்த்த நாளிலிருந்து அம்மாவும் பேச்சை நிறுத்திக்கொண்டார். வேலைநிறுத்தம் முடிந்து எல்லாரும் மலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அது மாறவில்லை. அம்மா என் தம்பியை இடுப்பில் தூக்கி வந்து, பிள்ளைக்காம்பரா வாசற்படியில் இறக்கி விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விடுவார். அம்மாவின் தலை மறைந்ததும் அத்தை வந்து அவனை வாரிக்கொள்வார். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு கோப்பை பால் என்றால் அவனுக்கு ஒன்றரை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவனைத் தூக்கிப் போவது என் வேலை, அதனால் மீதியை எல்லாம் நான் கண்ணால் பார்த்தேன்.

அந்தத் தட்டின்மேல் அடுத்த தட்டு ஏறியது பீலிக்கரைச் சண்டை ஒன்றினால். பீலி என்றால் மலையிலிருந்து வழியும் தண்ணீர் விழுகிற குழாய். எங்கள் பக்கத்துக் காம்பராச் சித்திக்கும் இன்னொரு பெண்ணுக்கும் அங்கே குடம் வைப்பதில் தகராறு. சித்தி நேரே அத்தையிடம் வந்து கத்தத் தொடங்கினார். அத்தையின் தோளில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அத்தை நிமிர்ந்து பார்த்தார். பலகையில் அந்தத் தட்டு கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"காரணத்த இப்பச் சொல்லாத. ஒன் வீட்டுத் தட்டு ஒண்ணக் கொண்டாந்து அந்தா அதுமேல வையி. அவளயும் ஒண்ணு வைக்கச் சொல்லு. எறக்குறப்பக் கேட்டுக்கிறேன்."

சித்திக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கொண்டுவந்து வைத்தார். மற்றவளும் வைத்தாள். இப்படித்தான் அது வழக்கமாயிற்று. சண்டை வந்தால் இரண்டு வீடும் ஆளுக்கொரு தட்டு. என்ன சண்டை, யார் மேல் தப்பு என்று வைக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. அத்தைக்கு ஒழிந்த பொழுதில், மேலே இருக்கும் ஜோடியை இறக்கி, இரண்டு பேரையும் கூப்பிட்டு, இப்பச் சொல்லு, என்ன வழக்கு என்று கேட்பார். சமாதானமானால் அங்கேயே ரொட்டி சுட்டு அந்தத் தட்டுகளில் போட்டுக் கொடுத்து, இரண்டு பேரும் தின்ற பிறகுதான் தட்டு வீட்டுக்குப் போகும்.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். அதன் வலி வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். லயத்துக் காம்பராவில் தலைக்கொரு தட்டுக்கு மேல் யாரிடம் இருந்தது? ஒரு தட்டு பலகைக்குப் போய்விட்டால் வீட்டில் யாராவது ஒருவர் மற்றவர் தின்று முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சண்டை போட்ட பெண்ணே பெரும்பாலும் அந்த ஆளாக இருப்பாள். பசியோடு உட்கார்ந்து புருஷன் தின்பதைப் பார்க்கும்போது, எதற்காகச் சண்டை போட்டோம் என்பது வேளைக்கு வேளை கொஞ்சம் தேய்ந்துகொண்டே வரும்.

கோழிச் சண்டை ஒன்று ஞாபகம் இருக்கிறது. ஒருத்தியின் கோழி மற்றவளின் பீன்ஸ் பாத்தியைக் கிண்டிவிட்டது. பெரிய ரகளை, தட்டுகள் ஏறின. அவற்றின்மேல் வேறு தட்டுகள் ஏறி, இறங்கி, இவர்கள் முறை வருவதற்குள் கோயில் திருவிழா வந்து போய்விட்டது. அத்தை கூப்பிட்டு என்ன வழக்கு என்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அந்தக் கோழியத் திருழாவுக்கு அடிச்சிட்டோம் ஆயாம்மா. இவளுக்கும் ஒரு கிண்ணம் கொழம்பு குடுத்தேன்" என்றாள் கோழிக்காரி. மற்றவள், "கொழம்பு நல்லாத்தான் இருந்திச்சு" என்றாள். அவர்கள் தட்டுக்கு அடியில் இருந்த ஜோடி, அதே கோழி முன்னொரு தரம் கிண்டியதில் பக்கம் பேசிப் பகைத்துக்கொண்ட இரண்டு பேருடையது. அவர்கள் கூப்பிடாமலே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

இந்த முறைக்கு எதிராகப் போனவளும் உண்டு. தன் வழக்கைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்று ஒருத்தி ஆத்திரத்தில் அடுக்கின் நடுவிலிருந்து தன் தட்டை உருவினாள். மொத்த அடுக்கும் அடுப்பங்கல்லில் சரிந்து விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து அலறியதை ரயிலில் போனவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். எங்கள் தட்டில் எனாமல் பெயர்ந்தது அன்றைக்குத்தான். அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. அழுத பிள்ளைகளை ஒவ்வொன்றாக அடக்கிவிட்டு, யார் தட்டு எதன்மேல் இருந்தது என்று ஒழுங்கு மாறாமல் திரும்ப அடுக்கினார். நீலக்கோடு போட்ட தட்டை முதலில் எடுத்து, முந்தானையால் துடைத்து, அடியில் வைத்தார்.

தோட்டத்துத் துரையும் அவர் மனைவி துரைசாணியும் ஒருநாள் பிள்ளைக்காம்பராவைப் பார்வையிட வந்தார்கள். துரைசாணி பலகையில் இருந்த அடுக்கைப் பார்த்து மலர்ந்துபோய் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். கூட வந்த கணக்கப்பிள்ளை மொழிபெயர்த்தார்: "புள்ளைங்களுக்கு இத்தன தட்டு சுத்தமா அடுக்கி வச்சிருக்கீங்களாம். தொரசாணிக்கு ரொம்பச் சந்தோசமாம்." அத்தை அந்தக் கீச்சுக் குரலில், "ஆமாங்க, எல்லாம் புள்ளைங்கதாங்க" என்றார். பிள்ளைகளை எடுக்க வந்து வாசலில் நின்ற தாய்மார்கள் தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் துரைசாணி தட்டுக் கழுவ ஒரு பெட்டி சவுக்காரம் அனுப்பி வைத்தார்.

எத்தனையோ முறை அந்த அடுக்கு கரைந்து கீழே வரை வந்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு ஜோடி இறங்கினால் அடித்தட்டு வெளியே தெரிந்துவிடும். அந்த மாதிரி நேரத்தில் அத்தை அவசரப்பட்டு இறக்கமாட்டார். பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். அதற்குள் புதுச் சண்டை ஒன்று வந்து மேலே ஏறிவிடும், அத்தையின் முகமும் தெளிந்துவிடும். ஊர்ச் சண்டைகளை அவர் அவ்வளவு ஆசையாக வாங்கிப் பலகையில் வைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று பின்னால் யோசித்திருக்கிறேன். அடியில் இருந்ததைக் கையில் எடுக்க அவருக்குப் பயம். அம்மாவும் அத்தைக்கு இளைத்தவர் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து யார் சண்டைக்கும் ஒரு தட்டு அந்தப் பலகைக்குப் போனது கிடையாது. அடுத்தவர்களிடம் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார், அங்கே போய் நிற்கவேண்டி வருமே என்று.

அப்படியே ஏழெட்டு வருஷம் ஓடியது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு அப்பா எழுதிப் போட்டது மறுக்கப்பட்டு வந்தது. அத்தைக்குக் கிடைத்தது. ஒரே லயத்தில், ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள். எப்படி ஒருவர் இந்த நாட்டுக்காரர், மற்றவர் இல்லை என்று அப்பா யாரிடமும் கேட்கவில்லை. அவர் எதையுமே கேட்கிறவர் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதினார், வந்தது, போவதற்கு நாளும் குறித்தாயிற்று. அப்பா, அம்மா, நான், தம்பி என்று நான்கு பேரும் பார்த்தே இராத ஒரு ஊருக்குப் போகப் போகிறோம். திரும்பி வருகிற பேச்சே இல்லை. அத்தையை விட்டுப் போகிறோமே, ஒரு தடவை போய்ப் பேசுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "போறது போறோம், பேசாமலே போயிருவோம்" என்றார். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பக்கத்துக் காம்பராச் சித்திக்கு அது பொறுக்கவில்லை. நாங்கள் கிளம்புவதற்கு முதல்நாள், மலையில் கொழுந்து எடுக்கும்போதே, பலகையில் தட்டு வைத்திருந்த பெண்களிடமெல்லாம் நிரை நிரையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆயாம்மா நடுவில் உருவ விடமாட்டார். அடித்தட்டு கையில் வரவேண்டுமானால் மேலே இருக்கிற எல்லாச் சண்டையும் இன்றைக்குள் தீர்ந்தாக வேண்டும். இதில் ஒரு சங்கடம். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த புதுச் சண்டை சித்தியுடையதுதான். கடைசிக் காம்பரா அக்காவிடம் மழைக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுத்த கம்பளி, நெருப்பில் பொத்தலாகித் திரும்பி வந்திருந்தது. சித்தி இறங்கி வராமல் வேறு யாரும் இறங்க முடியாது.

சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்கள் கூடையும் முதுகுமாகப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து நின்றார்கள். அத்தை ஒரு குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்து முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. முதல் ஜோடியை இறக்கி, "சொல்லு, என்ன வழக்கு?" என்றார்.

"அந்தக் கம்பளிய நெனச்சா இன்னமும் வயிறு எரியுது ஆயாம்மா" என்றார் சித்தி. "ஆனா நாளைக்கி ரயிலு. தட்டக் குடுங்க."

கடைசிக் காம்பரா அக்கா லேசில் விடுகிற ஆள் இல்லை. "நாந்தான் பொத்த போட்டேன்னு இவ சொன்னத இன்னும் வாபஸ் வாங்கல. என் சண்ட எங்கயும் போவாது. இன்னிக்குத் தட்ட எடுத்துக்கிறேன். அடுத்த வாரம் இதே தட்டக் கொண்டாந்து திரும்ப வைப்பேன், சொல்லிட்டேன்." சொன்னபடியே விடுக்கென்று தட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். பிறகு ஒவ்வொரு ஜோடியாக இறங்கியது. அத்தை ஒன்றையும் விடாமல் கேட்டார். சிலருக்குக் காரணம் ஞாபகமே வரவில்லை. ஒருத்தி அழுதாள். ஒருத்தி சிரித்தாள். பலகையில் ஒற்றைத் தட்டு மிஞ்சியது.

அம்மாவைச் சித்தி கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார். அப்பா வாசலுக்கு வெளியே, பாதி தெரிந்தும் தெரியாமலும் நின்றார். அத்தை தட்டை எடுத்தார். எல்லாரிடமும் கேட்ட அதே கேள்வியை அம்மாவிடம் கேட்காமல், முந்தானையால் தட்டைத் துடைத்தார். அம்மாதான் தொடங்கினார்.

"அன்னிக்கு வீட்டுல ஒரு மணி அரிசி கெடையாது அண்ணி. காலு சுளுக்கி வீங்கிக் கெடந்தேன், கீர பறிக்கக்கூட எந்திரிக்க முடியல. வெறுந்தட்ட எப்படிக் குடுக்குறதுன்னு ரெண்டு நாளு வச்சிக்கிட்டே இருந்தேன். ஒங்க வீட்டுலயும் தட்டு வேணுமேன்னுதான் குடுத்து விட்டேன். நீங்க அதத் தூக்கி மேல வச்சு, ஒண்ணுமில்லாதவன்னு ஊருக்கே காட்டிட்டீங்களே."

அத்தை தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏ புள்ள, நீயும் என்னயக் கருங்காலின்னு சொல்லிட்டன்னுல்ல நெனச்சேன். கதவுல எழுதுனத மகன் அழிச்சிட்டான். இத அழிக்க முடியலயே."

பட்டினியைத்தான் அவ்வளவு காலமும் பலகையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அத்தைக்குப் புரிந்தபோது அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். தொட்டிலில் ஒரு குழந்தை சிணுங்கியது, யாரோ ஆட்டிவிட்டார்கள். பிறகு அத்தை திடீரென்று தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார்.

"டேய், நீதானடா தட்டக் கொண்டாந்த? வீட்டுல அரிசி இல்லன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நீ கேக்கலயே அக்கா" என்றார்.

கடைசிக் காம்பரா அக்காதான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு பிள்ளைக்காம்பரா முழுக்கச் சிரிப்புதான். அத்தை எழுந்து மாவு பிசைந்து ரொட்டி சுட்டார், தேங்காய்ச் சம்பல் இடித்தார். வழக்கப்படி அந்தத் தட்டிலேயே போட்டு, அத்தையும் அம்மாவும் ஒரே தட்டில் பிட்டுத் தின்றார்கள். எங்களுக்கும் அதிலிருந்தே ஊட்டினார்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எல்லார் முன்னாலும் ஊட்டுகிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தாலும் வாயை மூடிக்கொள்ளவில்லை. புறப்படும்போது அத்தை மீதி ரொட்டியைத் தட்டில் அடுக்கி, துணியில் முடிந்து அம்மா கையில் கொடுத்தார்.

"தட்டு என்னுது. திருப்பிக் குடுத்துறணும். இந்தத் தடவையும் வெறுந்தட்டாக் கொண்டாந்த, மறுபடியும் தூக்கி மேல வச்சிருவேன்."

"நானே கொண்டாந்து குடுப்பேன் அண்ணி" என்றார் அம்மா. முடியாத காரியம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். தெரிந்தும் அத்தை சொன்னார், தெரிந்தும் அம்மா ஒத்துக்கொண்டார். மறுநாள் வட்டகொடையில் நாங்கள் ரயில் ஏறியபோது அத்தை வரவில்லை. குழந்தைகளை விட்டுவிட்டு அவரால் எப்படி வரமுடியும்? தலைமன்னார் போய்க் கப்பல் ஏறும்வரை அந்த ரொட்டிதான் எங்களுக்குச் சாப்பாடு.

திருச்சிக்கு வந்த முதல் வருஷங்கள் மிகவும் மோசமானவை. அம்மா கல் உடைக்கிற வேலைக்குப் போனார். வீட்டில் உலை வைக்க வழியில்லாத நாட்களிலும் அந்தத் தட்டில் ஒரு பிடி அரிசி இருக்கும். தம்பி ஒருமுறை பசி பொறுக்காமல் அதில் கைவைத்தபோது, பிள்ளைகளை அடித்தே பழக்கமில்லாத அம்மா அவன் கையைத் தட்டிவிட்டார். பிறகு அவரே அந்த அரிசியைக் கஞ்சி காய்ச்சி அவனுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு பிடி வாங்கித் தட்டில் போட்டார். இலங்கைக்குப் போகிறவர்கள் யாராவது அகப்படும்போது, அவர்களிடம் கொடுத்து அனுப்பிவிடலாமே அம்மா என்று கேட்டிருக்கிறேன். "நானே தர்றேன்னு சொல்லியிருக்கேன்" என்பார்.

அத்தை போய்விட்டார் என்று அவர் மகனிடமிருந்து செய்தி வந்தபோது நான் வேலையில் சேர்ந்திருந்தேன். அன்றைக்கு அம்மா தட்டில் இருந்த அரிசியைக் காக்கைக்குப் போட்டார். தட்டைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, எனாமல் பெயர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவியபடி உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் எழுந்து போய்ப் பானையிலிருந்து புது அரிசி ஒரு பிடி எடுத்து வந்து அதில் போட்டார். இனி யாருக்கும்மா என்று கேட்டேன். "அண்ணி கேப்பாங்கல்ல" என்றார்.

அந்த வகுப்பில் பாடம் நடத்திய பையன் கடைசியில் ஒன்று சொன்னார். நிரல் ஓடி முடியும்போது அடுக்கில் எதுவும் மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். குறித்துக்கொண்டேன், பரீட்சையிலும் அப்படியே எழுதினேன். அம்மாவும் போய்ப் பல வருஷமாகிறது. அத்தையின் மகன் வயதாகி வட்டகொடையில்தான் இருக்கிறார். விமானத்தில் ஏறினால் கொஞ்ச நேரம்தானே, போய்க் கொடுத்துவிட்டு வாருங்களேன் என்று மருமகள் சொல்கிறாள். பாஸ்போர்ட் கூட எடுத்து வைத்திருக்கிறேன். ஆனாலும் போகவில்லை. கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு அங்கே எனக்கு என்ன இருக்கிறது என்ற பயம்தான். அத்தைக்கு அடித்தட்டைத் தொடப் பயம் என்று எழுதினேனே, அவரை நான் என்ன சொல்ல?

இன்று காலை தட்டில் இருந்த பழைய அரிசியில் வண்டு பிடித்திருந்தது. வேலைக்கு வரும் பெண் தானாகவே அதை எடுத்து மாடியில் காக்கைக்கு வைத்தாள். தட்டைத் தேய்த்துத் துடைத்தாள். இந்த முறை கவிழ்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தபடியே டப்பாவில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள்.

"இவ்வளவு போதுமாம்மா?" என்று கேட்டாள்.

இன்னும் கொஞ்சம் போடு என்றேன்.